பதினொரு நாள் தையல் வகுப்பு

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார்: ‘பல் டாக்டர் மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர் எங்கள் குடும்பத்தில் இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது.’ அம்மணி, உங்கள் கடிதம் என் மேஜையில்தான் இருக்கிறது. இந்த வாரம் படித்து முடித்ததும் திருப்பி வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன். அந்த மனுஷரைப் பற்றிப் பதின்மூன்று வாரம் நல்லவிதமாக எழுதியதை நினைத்தால் எனக்கே கை கூசுகிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வரி. அக்கா, தங்கை இருவர். பெரியவள் பல் டாக்டருக்கு வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. சின்னவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வீட்டில் அடி வாங்கி வெளியேறும் பெண்களுக்கு அவர்களுக்கான இல்லங்கள் எப்படித் துணை நிற்கின்றன என்பதுதான் தலைப்பு. அதற்காக மூன்று மாதமாக அக்கா வீட்டு மாடியறையில் தங்கியிருக்கிறாள். அம்மாவும் பல் கட்டிக்கொள்ள வந்தவள், இன்னும் ஊர் திரும்பவில்லை.

வியாழக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் ரொட்டியும் முட்டையும் காபியும். டாக்டர் தம் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பட்டனை வைத்தார். பல் வரிசையைச் சரிபார்த்தே பழகிய கை அல்லவா, தட்டின் விளிம்புக்கு நேராக, அளந்தாற்போல வைத்தார்.

“டெய்லரம்மா! ஒரு ஆர்டர் வந்திருக்கு.”

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மாப்பிள்ளை போன வாரம் கட்டிக் கொடுத்த பல்.

பெரியவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பட்டனை எடுத்தாள். “சாயங்காலத்துக்குள்ள தைச்சு வைக்கிறேங்க.”

“போன தடவை மாதிரி சட்டையையும் சேர்த்துத் தைச்சிடாதே. கையை உள்ள விட முடியல.” டாக்டர் மாமியாரின் பக்கம் திரும்பினார். “பதினொரு நாள் கிளாஸுக்குப் போனா அத்தை. ஒரு பட்டன் தைக்க வரல. ஆனா ஒண்ணு நல்லாக் கத்துக்கிட்டா. வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்கு!”

அம்மா சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். தயவுசெய்து இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சின்னவளும் சிரித்தாள்.

இது இந்த வீட்டின் நிரந்தர ஜோக். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனோடு ஏதோ மனஸ்தாபத்தில் பெரியவள் யாரிடமும் சொல்லாமல் வெளியூர் போய்த் தையல் வகுப்பில் சேர்ந்தாளாம். பதினொரு நாளில் ஏக்கம் தாங்காமல் திரும்பி வந்துவிட்டாளாம். டாக்டரே காரில் போய், பழக்கூடை கொடுத்து, கூட்டி வந்தாராம். கல்யாண வீடா, பிறந்த நாளா, எங்கே நாலு பேர் கூடினாலும் இந்தக் கதையைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். பெரியவளும் புன்னகைத்தபடி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

“உங்க ஆராய்ச்சி எந்த மட்டுல இருக்கு, ப்ரொபசரம்மா?” என்று மைத்துனியை விசாரித்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி. “அந்த இல்லம் எந்தப் பக்கம்? தினமும் பஸ்ல அலையாதே. நானே கொண்டுபோய் விடறேன்.”

“இடத்தைச் சொல்லக் கூடாது மாமா. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்.”

“நம்ம வீட்டுக்குள்ளயே ரகசியமா?” டாக்டர் பெரிதாகச் சிரித்தார். பெரியவளின் கையிலிருந்து பட்டன் நழுவித் தரையில் உருண்டது. அவள் மேஜைக்கடியில் குனிந்து, தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் தேடிக்கொண்டிருந்தாள்.

எழுந்து கை கழுவும்போது டாக்டர் சொன்னார்: “ஆமா, சமையலறைத் திரை, ஹால் திரையெல்லாம் பழசாயிடுச்சு. புதுசுக்குச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை ஆள் வந்து மாட்டுவான். பழசை அவனே எடுத்துட்டுப் போயிடுவான்.”

“பாருடி,” என்றாள் அம்மா பெருமையாக, “கேக்காமலேயே செய்யற மாப்பிள்ளை.”

சின்னவள் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு திறந்தாள். மறுபடி மூடினாள்.

“ஏய், ஒண்ணு கேக்கணும். அங்க ஒரு தடவை வந்துட்டுத் திரும்பிப் போனவங்கள, மறுபடியும் சேர்த்துப்பாங்களா?”

“அட! நல்ல கேள்விக்கா இது. எனக்குத் தோணவே இல்ல பாரு.” சின்னவள் அங்கேயே நின்று பேனாவை எடுத்துக் கேள்வித்தாளின் அடியில் எழுதிக்கொண்டாள். கேள்வி எண் இருபத்து மூன்று. “கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

படித்தவள். வீட்டு வன்முறை பற்றி இருநூறு கட்டுரை படித்து அடிக்குறிப்போடு எழுதியவள். கேள்வி கேட்டவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.

* * *

இதுவரை அந்த இல்லத்தை நடத்தும் அமைப்பின் நகர அலுவலகத்தில்தான் சின்னவளுக்குப் பேட்டி கொடுத்தார்கள். இன்றைக்குத்தான் முதல்முறையாக இல்லத்துக்குள்ளேயே விடுகிறார்கள். அலுவலகத்தில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிய வேனில் ஏற்றி, எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போய் ஒரு சாதாரண மாடிவீட்டில் இறக்கினார்கள். பெயர்ப்பலகை கிடையாது. கொடியில் துணி காய்ந்தது.

பொறுப்பாளரை எல்லோரும் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. கதவைத் திறந்த கையோடு வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஓர் அலமாரி நிறையப் பிரிக்காத பல்துலக்கி, சீப்பு, உள்ளாடை, செருப்பு.

“வர்றவங்க பாதிப் பேர் செருப்பில்லாமதான் வருவாங்க. முதல்ல ஒரு டீ, ஒரு படுக்கை, கதவுக்கு உள்தாழ்ப்பாள். அன்னிக்கு ஒரு கேள்வியும் கேக்க மாட்டோம். வக்கீல், டாக்டர், குழந்தைகளோட ஸ்கூல் மாத்தறது, எல்லாம் அப்புறம்.”

சமையலறையில் ஒரு பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ் கண்டக்டராக வேலை பார்க்கிறவள். அவள் பேச ஒப்புக்கொண்டிருந்தாள். சின்னவள் எதிரே உட்கார்ந்து கேள்வித்தாளை விரித்தாள்.

“இங்கு வந்த பிறகு எந்த அளவுக்குப் பாதுகாப்பா உணர்றீங்க? ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள ஒரு எண் சொல்லுங்க.”

கண்டக்டர் கத்தியைக் கீழே வைத்தாள். “ஒரு டிரிப்புல எழுபது பேர் ஏறுவாங்க. எழுபது மூஞ்சியையும் பார்ப்பேன், அவன் இருக்கானான்னு. அதுக்கு எத்தனை மார்க்கு, சொல்லுங்க?”

சின்னவள் பேனாவை மூடினாள்.

“எங்க வீட்டுக்காரனும் இப்படித்தான் கேப்பான்,” என்றாள் கண்டக்டர். “அடிச்சு முடிச்சதும், ‘இப்ப வலிக்குதா, கொஞ்சமா, நிறையவா’ன்னு. பதில் பிடிக்கலைன்னா மறுபடி ஆரம்பிப்பான். கோச்சுக்காதீங்க, நீங்க நல்ல பொண்ணு. ஆனா அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க.”

“சரி. எது உதவியா இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.”

“தாழ்ப்பாள்தான். எங்க வீட்டுல பாத்ரூம் தாழ்ப்பாளைக்கூடக் கழட்டிட்டான் பாவி. இங்க வந்த அன்னிக்கு அரை மணி நேரம் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்தேன். யாரும் ஏன்னு கேக்கல.”

சின்னவள் கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்தாள். இரண்டு வருஷ உழைப்பு. தன் கையெழுத்தைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பிறகு டீச்சரின் அறைக்குப் போனபோது ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டாள்.

“ஒரு தடவை வந்துட்டுத் திரும்பிப் போனவங்கள மறுபடி சேர்த்துப்பீங்களா?”

“ஏழு தடவை வந்தாலும் சேர்த்துப்போம். போயிட்டு வர்றதுதான் சகஜம். ஏன் போனேன்னு கேக்க மாட்டோம்.” டீச்சர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “இது உங்க கேள்வியா? ஆராய்ச்சிக்காரங்க ‘மறுசேர்க்கை விகிதம் எவ்வளவு’ன்னுதான் கேப்பாங்க. இது உள்ள இருந்துட்டுப் போனவங்க கேக்கற கேள்வி.”

பதில் சொல்லுமுன் மேஜைமேல் போன் அடித்தது. டீச்சர் எடுத்தார். “மொழி வகுப்பு, வணக்கம்... இல்லீங்க, இந்த மாசம் இடமில்ல.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. “மொழி வகுப்பா?”

“வெளியில இருந்து யார் கூப்பிட்டாலும் அப்படித்தான். முந்தி வேற பேர். ஒரு தடவை சூடு பட்டதும் பேரையும் வீட்டையும் சேர்த்து மாத்திட்டோம்.” டீச்சர் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். “இதை வேணா எழுதிக்கோங்க, எங்க தப்புதான். அப்பல்லாம் வர்ற பொண்ணுகிட்ட, நம்பிக்கையான ஒருத்தரோட நம்பர் கேப்போம். பத்திரமா இருக்கான்னு அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுவோம். ஒரு பொண்ணு வந்துச்சு. பேர் வேண்டாம். விலா எலும்புல விரிசல். முகத்துல ஒரு கீறல் கிடையாது, அவ்வளவு கவனமான கை. ‘என் தங்கச்சி நம்பர் தர்றேன், படிச்சவ, சொன்னாப் புரிஞ்சுப்பா’ன்னுச்சு. எட்டாம் நாள் நான்தான் போன் பண்ணேன். தையல் வகுப்புல இருந்து பேசறேன், உங்க அக்கா...”

டீச்சர் மேலே சொல்லிக்கொண்டே போனார். சின்னவளின் காதில் அந்தக் குரல் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானத்திலிருந்து கேட்டது. நூலகப் படிக்கட்டு. ‘உங்க அக்கா எங்ககிட்ட சேர்ந்திருக்காங்க. நல்லா இருக்காங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லச் சொன்னாங்க.’

மட்டும். அந்த வார்த்தை அவளுக்கு இப்போதுதான் கேட்டது.

அன்றைக்கு மாமா மணிக்கொரு தடவை போன் பண்ணி அழுதுகொண்டிருந்தார். ‘எனக்கு அவ திரும்பி வரக்கூட வேண்டாம், உயிரோட இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்.’ சின்னவள் உருகிப்போனாள். ‘அழாதீங்க மாமா! அக்கா தையல் கிளாஸ்ல சேர்ந்திருக்காளாம்! நம்பர் தர்றேன், எழுதிக்கோங்க.’ குடும்பத்தைச் சேர்த்துவைத்த புண்ணியம் தனக்குத்தான் என்று அன்றைக்கு அவள் இரண்டு காபி குடித்தாள்.

“எங்க நம்பரை வச்சே புருஷன் விலாசத்தைக் கண்டுபிடிச்சுட்டார். நான் போன் பண்ணின மூணாம் நாள் வாசல்ல கார்,” என்றார் டீச்சர். “சத்தம் இல்ல, சண்டை இல்ல. கையில பழக்கூடை. முற்றத்துல துணி காயப்போட்டுக்கிட்டிருந்த மத்தப் பொண்ணுங்களைப் பார்த்துச் சிரிச்சார். ‘இவங்க வீட்டுக்காரங்களும் தேடிக்கிட்டிருப்பாங்க இல்ல? விலாசம் தெரிஞ்சா சந்தோஷப்படுவாங்க’ன்னார். உள்ள பதினாலு பேர் இருந்தாங்க. அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டிருந்துச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள, ‘என் விருப்பப்படி போறேன்’னு எழுதி வச்சுட்டுப் பையை எடுத்துக்கிட்டு ஏறிடுச்சு. அந்தப் பதினாலு பேருக்காகப் போச்சு. ராத்திரியோட ராத்திரியா நாங்க வீட்டைக் காலி பண்ணோம்.”

சின்னவள் எழுந்து குளியலறைக்கு ஓடினாள். குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். கழுவக் கையை நீட்டினால், அங்கிருந்த சோப்பில் மாமாவின் கை வாசனை. அதே கிருமிநாசினி சோப்பு. சோப்பைத் தொடாமலே கையை இழுத்துக்கொண்டாள். டெய்லரம்மா, டெய்லரம்மா என்று அந்த ஆள் கூப்பிட்டதெல்லாம் கொஞ்சல் இல்லை. நீ எங்கே போனாய் என்று எனக்குத் தெரியும் என்பதைத் தினமும், நாலு பேர் முன்னால், எல்லோரையும் சிரிக்கவைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். கூடச் சேர்ந்து இவளும் சிரித்திருக்கிறாள்.

(இனிமேல் அந்த ஆளுக்கு என் பேனாவிலிருந்து ‘ர்’ வராது. பத்திரிகை ஆசிரியர் மன்னிக்கட்டும்.)

திரும்பி வந்து நின்றபடியே சொன்னாள்: “டீச்சர், அந்தத் தங்கச்சி நான்தான்.”

டீச்சர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அழணும்னா இப்பவே அழுதுடுங்க. அப்புறம் வேலை இருக்கு. அந்தக் கேள்வியைக் கேட்டது யாரு?”

“அக்காதான். காலையில.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நல்ல கேள்வின்னு சொல்லிக் கேள்வித்தாள்ல எழுதிக்கிட்டேன்.”

“சரி, கேளுங்க. வீட்டுக்குப் போனதும் அவரை ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. முகத்துல காட்டக் கூடாது. அக்காகிட்ட ‘கிளம்பு’ன்னும் சொல்லாதீங்க. அவர் ‘இரு’ங்கறார், நீங்க ‘கிளம்பு’ன்னா ரெண்டும் அதிகாரம்தான். கதவு திறந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க. முடிவு அவங்களோடது. ஒரு நம்பர் தர்றேன், எழுதக் கூடாது, மனப்பாடம் பண்ணுங்க.”

“அந்த மேஜையில உக்காந்து என்னால சாப்பிட முடியாது டீச்சர். அவன் ஜோக் அடிப்பான்.”

“அடிச்சா சிரிங்க.”

“முடியாது.”

“உங்க அக்கா ரெண்டு வருஷமாச் செய்யறாங்க. நீங்க ஒரு சாயங்காலம் செய்ய மாட்டீங்களா?”

வாசல்வரை வந்த டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்தப் பொண்ணு வந்தா, நானே வாசல்ல நின்னு பையை வாங்கிப்பேன்னு சொல்லுங்க.”

* * *

சாயங்காலம் ஆறு மணி. ஹாலில் அம்மா வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்க, டாக்டர் குனிந்து புதுப் பல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். “கொஞ்சம்கூட வலிக்கக் கூடாது அத்தை. வலிச்சா உடனே சொல்லணும்.” அந்தக் கரிசனத்தை நின்று கேட்கச் சின்னவளால் முடியவில்லை.

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். அக்கா காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேடைமேல் டாக்டரின் சட்டை. பட்டன் கோணலாக, நூல் பிதுங்க, பார்க்கச் சகிக்காமல் தைக்கப்பட்டிருந்தது.

சின்னவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

“சேர்த்துப்பாங்களாம்க்கா. ஏழு தடவை போனாலும். ஏன் போனேன்னு கேக்க மாட்டாங்களாம்.”

அக்கா கோப்பையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நீ வந்தா டீச்சரே வாசல்ல நின்னு பையை வாங்கிப்பாங்களாம். அக்கா, நான்தான் அன்னிக்கு அவன்கிட்ட...”

“தெரியும்.”

“எப்போ?”

“கார்ல ஏறினதும் அவரே சொன்னார். ‘உன் தங்கச்சி தங்கமான பொண்ணு’ன்னு.” அக்கா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “தெரியாமச் செஞ்சே. அது எனக்கு அப்பவே புரிஞ்சுது. ஆனா அப்புறம் சிரிச்சே பாரு, ஒவ்வொரு தடவையும். அதுதான்டி தாங்கல.”

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிச்சுடு என்று சொல்ல வாய் வந்தது. அந்த வார்த்தையைக்கூட அக்காதான் சுமக்க வேண்டியிருக்கும் என்று தோன்றி, சொல்லாமல் விட்டாள்.

“நம்பர் எழுதிக்கிட்டு வந்தியா?”

“இல்ல. மனப்பாடம்.”

“சொல்லு.”

சின்னவள் சொன்னாள். அக்கா உதட்டசைவில் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, “இந்தத் தடவை யாரோட நம்பரும் கொடுக்க மாட்டேன்,” என்றாள். “உன்னோடதும்தான்.”

“கொடுக்காதே.”

அக்கா தங்கையின் ஈரக் கையைத் துடைத்துவிட்டாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுபோய் ஜன்னல் திரையின் அடி மடிப்பில் வைத்தாள். துணிக்குள் விறைப்பாக ஏதோ தட்டுப்பட்டது. விரலை நகர்த்தினாள், தட்டுப்பட்டுக்கொண்டே போனது.

“பிறப்புச் சான்றிதழ். படிச்ச சர்டிபிகேட். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே ரிப்போர்ட்டு. எல்லாத்தையும் அவர் அலமாரியில கவர்ல போட்டுப் பூட்டி வச்சிருந்தார். சாவியை மறந்துட்டுப் போற நாள்ல ஒண்ணொண்ணா எடுத்தேன். கவர் இப்பவும் அங்கதான் இருக்கு. உள்ள வெத்துத் தாள்.”

சின்னவள் குனிந்து மடிப்பைப் பார்த்தாள். பொடிப் பொடியாக, ஒரே சீராக, கண்ணுக்கே தெரியாத தையல். மேடைமேல் கிடந்த சட்டையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி மடிப்பைப் பார்த்தாள்.

“இது யார் தைச்சது?”

“டெய்லரம்மா,” என்றாள் அக்கா. “அங்க நிஜமாவே ஒரு மிஷின் இருந்துச்சு. கைத்தையலும் சொல்லிக் கொடுத்தாங்க. பதினொரு நாள் நல்லாக் கத்துக்கிட்டேன்.”

“என்ன, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு?”

டாக்டர் சமையலறை வாசலில் நின்றான். அக்கா குழாயை மூடினாள். அவன் உள்ளே வந்து சட்டையை எடுத்து, பட்டனை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

“அத்தை, இங்க வந்து பாருங்க இந்தக் கொடுமைய! டெய்லரம்மா மறுபடியும் மானத்தை வாங்கிட்டா.” சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போனவன் திரையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக உதறினான். “ஆங், சொல்ல மறந்துட்டேன். அந்தத் திரைக்காரன் திங்கக்கிழமை வர மாட்டானாம். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கே வந்துடறேன்னான். சரின்னுட்டேன்.”

“சரிங்க,” என்றாள் பெரியவள். அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. “அப்ப இன்னிக்கே கழட்டித் துவைச்சு வச்சிடறேன். அழுக்கோட கொடுத்தா நல்லாவா இருக்கும்?”

“கொடுக்கப்போற பழந்துணிக்கு எதுக்குத் துவைப்பு?” அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு மைத்துனியைப் பார்த்தான். விரல்கள் இன்னும் திரையை விடவில்லை. “என்ன ப்ரொபசரம்மா, பேச்சு மூச்சே காணோம்? உங்க அக்காவோட தையலைப் பார்த்தீங்களா, இல்லையா?”

மேடைக்குக் கீழே பெரியவளின் கால் வந்து சின்னவளின் பாதத்தை அழுத்தியது.

சின்னவள் சட்டையைப் பார்த்தாள். கோணல் பட்டனைப் பார்த்தாள். காலையில் சிரித்ததைவிட நன்றாகவே சிரித்தாள்.